618-ஆம் சான்றிதழின் பின்பக்கம்

நாற்பத்தெட்டு வருடமாகப் பழைய நிலக் கம்பெனிகளின் பங்குச் சான்றிதழ்களைச் சேர்க்கிறேன். எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்துக்கு முன்பக்கம்தான் உலகம். கம்பெனித் தலைவரின் கையெழுத்து பளிச்சென்று இருந்தால் போதும். பின்பக்கத்தில் யார் கையெழுத்துப் போட்டு யாருக்குப் பங்கை மாற்றிக் கொடுத்தார்கள் என்று ஒரு பயலும் பார்க்க மாட்டான். நானும் பார்க்கவில்லை. 1797-ஆம் வருடத்து 618-ஆம் சான்றிதழை வாங்கிய வாரமே, சுருங்காமல் இருக்கட்டும் என்று அட்டையில் சூட்டுப் பசையால் ஒட்டிச் சட்டம் போட்டுவிட்டேன்.

அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வெர்னெல் மின்டன் பிலடெல்பியாவில் என் வீட்டுக்கே வந்தாள். பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். அவளுடைய முன்னோர் டைட்டஸ் மின்டன், அடிமையாய் இருந்து விடுதலையான நாவிதர். கம்பெனிப் பதிவேட்டில் 618-க்கு எதிரே அவர் பெயர் இருந்ததாம்.

"விக்கும்போது பின்னாடி கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்திருப்பாரு? அவரு கையால எழுதினது வேற ஒண்ணுமே எங்ககிட்ட இல்ல, சார். ஒருதரம் பாத்தாப் போதும்."

ஒட்டிவைத்திருக்கும் அட்டையைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது.

"மியூசியத்துல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களே, அவங்ககிட்ட குடுக்கலாமா?"

"அவனுங்க பொறக்கறதுக்கு முன்னாடியே பேப்பரத் தொட்டவன்மா நான். உக்காரு."

கிழட்டுத் திமிர், வேறென்ன.

கெட்டிலின் ஆவியைக் காட்டி மெல்லிய கத்தியை நுழைத்தேன். ஒரு மூலை எழும்பியது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன். காகிதம் இரண்டு தோலாகப் பிரிந்தது. முன்பக்கம் என் கையில் வந்தது. பின்பக்கம் எழுத்தோடு பசைக்குள் கவிழ்ந்து கிடந்தது. பதறிப்போய் அதைச் சுரண்டினேன். கூழாக வந்தது.

"நிறுத்துங்க சார்! ஐயோ, நிறுத்துங்க!"

கத்தி முனையில் பழுப்பு மை ஒட்டியிருந்தது. எந்த எழுத்தின் மை என்று தெரியவில்லை.

"முன்பக்கத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். இந்த வாயை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

"ஆமா. உங்க தலைவர் கையெழுத்துக்கு ஒரு கீறல்கூட விழல."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து மேசையில் விரித்தாள்.

"அந்த அட்டையக் குடுங்க."

"அதுல படிக்க ஒண்ணும் இல்லயேம்மா."

"தெரியும். அவரு கை பட்டது அதுலதான இருக்கு."

ஈரம் சொட்டிய அட்டையை அவளே சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.