கிணற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சகாயராஜை நான் நம்பினதில்லை. மயிலம் பக்கத்தில் என் தம்பி தன் பங்கு நிலத்தை விற்றபோது வாங்கினவன் அவன். கிணறு மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. திங்கள், செவ்வாய், புதன் என் முறை. அடுத்த மூணு நாள் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாரும் மோட்டார் போடக்கூடாதுன்னு கேட்டவன் அவன்தான்.

"உங்க சாமி ஆறு நாள்ல உலகத்தைச் செஞ்சு, களைச்சிப்போய் உக்காந்துச்சாமே, அதுக்கா?" என்றேன்.

"களைச்சு இல்லண்ணே. செஞ்சதைப் பாத்தாரு, நல்லா இருந்துச்சு. போதும்னு உக்காந்தாரு. வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட அன்னிக்கு ஓய்வு. கிணத்துக்கும் வுட்டா இன்னா?"

ஒத்துக்கினேன், ஆனாலும் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் ஒளிந்து நின்று பார்த்தேன். திண்டிவனம் மாதா கோயிலுக்குப் போய் வருவான், வரப்பில் உட்கார்ந்து பயிரைப் பார்த்துக்கினு இருப்பான். அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் என் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காய் பிடிக்கிற நேரம். மழை இல்லை. ஒரு தண்ணி தப்பினால் அத்தனையும் பொக்கு. ஞாயிறு காலையில் அவன் பஸ் ஏறினதும் போய் மோட்டாரைப் போட்டேன். கலங்கலாகக் கொஞ்சம் வந்து ரெண்டு பாத்தி நனைந்தது. சும்மா கிடக்கிற தண்ணி, யாருக்கு நஷ்டம்?

எனக்குத்தான். திங்கட்கிழமை எப்போதும் கடைசிப் பாத்தி வரை பாயும். அன்று அரை மணியில் மோட்டார் காற்றை இழுத்தது. எட்டிப் பார்த்தேன், அடியில் சேறு. என் திங்கட்கிழமை ராசியான நாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கினு இருந்தேனே, அது அவன் விட்டுவைத்த ஞாயிற்றுக்கிழமை.

கிணற்றுச் சேற்றைப் பார்த்தே சகாயராஜ் கேட்டான். "நேத்து போட்டீங்களாண்ணே?"

"போட்டேன். இன்னா இப்போ?"

"செவ்வாய், புதன் தொடாதீங்க, ஊறட்டும். வியாழக்கிழமை என் முறையை எடுத்துக்குங்க. என் கேப்பை தாங்கும், மல்லாட்டை தாங்காது."

"அதுக்கு என்கிட்ட இன்னா கேப்ப?"

"ஞாயித்துக்கிழமையை வுட்டுடுங்க."

வியாழக்கிழமை தண்ணி கடைசிப் பாத்தியைத் தொட்டது. என் எழுபது வயசில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு மோட்டாரின் பீஸ் கட்டையை, அது இல்லாட்டி கரண்டே வராது, பிடுங்கிக்கினு போய், பஸ்ஸுக்கு நின்றவன் கையில் வைத்தேன்.

"இன்னாண்ணே, என் மேல சந்தேகமா?"

"உன் மேல இல்லடா. என் மேல."

சிரித்துக்கினே சட்டைப்பையில் போட்டான். "பீஸ் கட்டையோட பூசைக்குப் போறவன் நான் ஒருத்தன்தான்."

திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தேன். மல்லாட்டை பச்சையாக, நல்லா இருந்தது. ஒரு செடியைப் பிடுங்கிக் காய் பார்க்கக் கை போச்சு. வேணாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்.