ஸ்டிக்கர் உரித்த டிஸ்க்

"என் பேரு அற்புதராஜ். வயசு இருபத்திமூணு. இருக்கிறது சிங்கப்பூர், டன்லப் ஸ்திரீட், மாடி ரூம். இன்னிக்கு ஞாயித்துக்கிழம. பூசைக்குப் போயிட்டு வந்துட்டேன்."

இவ்வளவையும் டேப் ரிக்கார்டருக்குள் சொல்லிவிட்டு அற்புதராஜ் பொத்தானை அமுக்கி நிறுத்தினான். ஊருக்குப் போகும் எல்லாக் கேசட்டையும் அவன் இப்படித்தான் தொடங்குவான். கேட்டு முடித்ததும் மதலேனா அக்கா அதன் மேலேயே பதில் பேசி அனுப்பிவிடுவாள். போன கேசட்டில், வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் பாரத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தான். அவர் போடவில்லை. பாரம் அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. பெர்மிட் முடிய இன்னும் ஒன்பதே நாள்.

முதலாளி ஒலி முகம்மது சாங்கி விமான நிலையம் வழியாகச் சரக்கு அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்தார். சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடி, இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர். சரக்குச் சீட்டுகளை அதில் அடித்துக் கொடுப்பதுதான் அற்புதராஜின் வேலை.

போன திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் வலது மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னிவிட்டு மறைந்தது. ஃபிளாப்பி டிஸ்க்கைச் செருகினால் மின்னியது. செருகாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எப்போதாவது மின்னியது. என்னவென்று சீனியர் கிளார்க் தனசேகரனைக் கேட்டான். வைரஸ் வராமல் பார்த்துக்கொள்ளும் புரோகிராமாம். சனிக்கிழமை அவர்தான் ஏற்றினாராம்.

"காவக்காரன்லா. அவன் வேலைய அவன் பாக்கட்டும், உன் வேலைய நீ பாரு."

அந்தச் சனிக்கிழமை அற்புதராஜுக்கு லீவு. அவன் இல்லாத நாளாகப் பார்த்து எதற்கு ஏற்ற வேண்டும்? செம்பவாங்கில் இருக்கும் தனசேகரனின் மச்சான் வேலை தேடிக்கொண்டிருப்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். இவனை விரட்டிவிட்டு அவனை உட்காரவைக்கவா? சதுரம் காவல் காக்கிறதா, இல்லை தன் பிழைகளை எண்ணி எழுதி வைக்கிறதா? செவ்வாயிலிருந்து அவன் எழுத்தெழுத்தாக அடித்தான். கம்ப்யூட்டரும் சுணங்கியது. முன்பு நொடியில் வந்த சீட்டுக்கு இப்போது காத்திருக்க வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி ஜும்மாவுக்குப் போனார். தனசேகரன் சாங்கிக்குச் சீட்டுகளை எடுத்துப் போனார். அற்புதராஜ் அலமாரியைத் திறந்து, புரோகிராமை விற்ற கடைக்காரர்கள் கொடுத்த மூல டிஸ்க்கை எடுத்தான். கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமும் டிஸ்க்கில் இருப்பதும் ஒரே அளவாக இருந்தால் உள்ளே ஓடுவது நல்ல காவல்காரன். வேறுபட்டால் வேறு எவனோ. அவன் யோசித்த சோதனை இதுதான்.

டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு வெட்டு. அதை ஒரு கறுப்பு ஸ்டிக்கர் மூடியிருந்தது. அற்புதராஜுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை பாட்டுக் கேசட்டின் ஓட்டையில் டேப் ஒட்டி மூடி, அதன்மேல் ஊருக்குப் பேசியிருக்கிறான். மூடினால் பதியும், திறந்திருந்தால் பதியாது. மூலப் பிரதியை இப்படியா விட்டுவைப்பார்கள் என்று ஸ்டிக்கரை உரித்துப் போட்டான்.

டிஸ்க்கைச் செருகி, புரோகிராமை ஒரு தரம் ஓட்டினான். பிறகு இரண்டின் அளவையும் கேட்டான். கம்ப்யூட்டரில் இருந்தது 7,948. டிஸ்க்கில் இருந்ததும் 7,948.

அப்பாடா என்றிருந்தது. தனசேகரனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. டிஸ்க்கை உறைக்குள் வைக்கும்போதுதான் உறையின் மூலையில் கடைக்காரர் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தான். புரோகிராமின் பெயர், பக்கத்தில் அதன் அளவு 6,140.

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றபோது தனசேகரன் திரும்பி வந்தார். டிஸ்க்கை வாங்கிப் புரட்டினார்.

"ஸ்டிக்கர் எங்கடா?"

"எதுவும் பதிஞ்சிடக் கூடாதுன்னு எடுத்துட்டேண்ணே. கேசட்டு மாதிரி."

தனசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கேசட்டுக்குத் திறந்தாத்தான் பூட்டு. இதுக்கு மூடினாத்தான் பூட்டு. நீ கதவத் தொறந்து வுட்டுட்டே."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு வைரஸ் இருந்திருக்கிறது. அது காவல்காரன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து அளவைப் பெருக்கியிருக்கிறது. அற்புதராஜ் ஓட்டிய நொடியில் மூல டிஸ்க்குக்கும் தாவிவிட்டது. இரண்டும் ஒரே அளவாகத்தான் இருக்கும், பின்னே?

யார் டிஸ்க்கில் அது வந்தது என்று தெரியவில்லை. தனசேகரன் குரலைத் தாழ்த்தினார். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி அலமாரியில் வைத்துவிடு, பென்சில் எண்ணை அழித்துவிடு, உன் பாரமும் தப்பிக்கும் என்றார். அவர் முகத்தில் கரிசனம் இருந்தது. கரிசனம்தானா? வைரஸ் அவர் கொண்டுவந்த டிஸ்க்கில் வந்ததாக இருந்தால்? நாளைக்குக் குட்டு உடைந்தால், ஸ்டிக்கரை உரித்தவன் இவன்தான் என்று அவரே சொல்லமாட்டாரா? அப்படிச் சொல்லாவிட்டாலும், இனி யார் சோதித்தாலும் இரண்டும் ஒத்துப்போகும். கெட்டதே மூலமாகிவிடும்.

முதலாளி தொழுகை முடிந்து படியேறி வரும்வரை டிஸ்க்கைக் கையிலேயே வைத்திருந்தான். உறையில் இருந்த எண்ணைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். ஒலி முகம்மது கடைக்காரர்களுக்குப் போன் போட்டார். புது டிஸ்க்கோடு திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார்.

"என்னோட பாரம், முதலாளி..."

"திங்கக்கெழம அவன் வந்து பாக்கட்டும் தம்பி. எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு தெரியட்டும்." இழுப்பறையை அவர் திறக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மாடி ரூமுக்குக் கீழே தெருவில் பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அற்புதராஜ் பதிவுப் பொத்தானை மறுபடி அமுக்கினான். போன கேசட்டில் சொன்ன பொய்யை முதலில் சொன்னான். பிறகு வெள்ளைச் சதுரத்தை, ஸ்டிக்கரை, பென்சில் எண்ணை எல்லாம் சொன்னான். தனசேகரன்மேல் சந்தேகம் இருக்கிறது, ஆனால் சாட்சி இல்லை என்றான். டேப் முடியப்போகும் சத்தம் கேட்டது.

"அக்கா, என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க. அப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. யார் இதக் கேட்டாலும் ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கேசட்டு முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் இருக்கும், அத ஒடச்சிடுங்க, அப்பத்தான் நான் சொன்னது அழியாம இருக்கும். இதுமேல பேசாதீங்க. பதில வேற கேசட்டுல அனுப்புங்க."