படுக்கையறைக்கு இரண்டாவது ஏசி: பதினொன்றாம் வரைவு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம்.

போன வருடம் ஜூன் கடைசியில், கேம்பிங் ட்ரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு, வைத்திருப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் ஒரு கேள்வி கேட்டேன். இருபத்தாறு அடி ட்ரெய்லர். கூரையில் ஒரே ஏசி, அதுவும் ஹாலுக்கு நேர் மேலே. முன்பக்கப் படுக்கையறைக்குக் குளிர் போய்ச் சேருவதில்லை. டெக்சாஸ் வெயில். அந்த அறைக்கு இரண்டாவதாக எந்த ஏசி வைக்கலாம்? பத்து நிமிடத்தில் ஆறு பேர் பதில் எழுதினார்கள். ஏழாவதாக, ஓக்லஹோமாவில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு ஆசாமி, ஏசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “அந்த அறையில் யார் தூங்குகிறார்கள்?” என்று கேட்டார்.

“எப்போதாவது வரும் விருந்தாளிகள்” என்று எழுதினேன்.

அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர் என் அப்பா. அன்றோடு பதினோரு நாள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “ஏரிக்கரையில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ட்ரெய்லரின் நிழலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுவிட்டு”

[நிறுத்திவிட்டேன். அந்தக் கோடையில் எங்கள் ட்ரெய்லர் எந்த ஏரிக்கும் போகவில்லை. டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில், எங்கள் வீட்டுப் பின்வேலிக்குள், வீட்டில் ட்ரெய்லர் நிறுத்தக்கூடாது என்னும் குடியிருப்போர் சங்கத்தின் கண்ணில் படாமல், நின்ற இடத்திலேயே நின்றது. கராஜிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அதற்குக் கரண்ட் கொடுத்திருந்தேன்.]

நாலாவது வரைவில் எனக்குப் பதிலாகச் சேனாபதி என்று ஒருவரை வைத்தேன். ஈரோட்டுக்காரர், மீசை வைத்தவர், என்னைப் போல இல்லாதவர். நான் செய்ததையெல்லாம் அவர் தலையில் கட்டிவிடலாம் என்று திட்டம். அந்த மனிதர் ஒத்துழைக்கவில்லை. அப்பாவை ட்ரெய்லரில் படுக்க வைத்த மறுநாள் காலை, அந்த அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, “இது என்னங்க, அடுப்பாட்ட கொதிக்குது!” என்று நேரே கடைக்குப் போய் ஒரு ஜன்னல் ஏசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கதை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோனது. எவ்வளவு யோசித்தும் அவரை ஐம்பத்திரண்டு நாள் சும்மா உட்கார வைக்க என்னால் முடியவில்லை. பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று அவரை வெளியே அனுப்பினேன்.

உண்மையில் நம்பும்படியாக இல்லாதவன் நான்தான்.

3

ஆகவே நானே வருகிறேன். பெயர் கிரீஷ். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பது. ஒழிந்த நேரத்தில் கதை எழுதுவேன். மனைவி மானஸாவுக்குப் போன ஜூனில் இரண்டாவது பிரசவம், ரோஹன் பிறந்தான். பெரியவள் தீக்ஷாவுக்கு ஒன்பது வயது. பிரசவத்துக்கு உதவியாக மானஸாவின் அப்பா அம்மா, பாலசுப்ரமணியன் மாமாவும் மீனாக்ஷி மாமியும், சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பேரனைப் பார்க்க அப்பாவும் வந்தார். வெங்கடகிருஷ்ணன், எழுபத்துநாலு வயது, டெலிபோன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்றில் நானும் மானஸாவும் குழந்தையும். ஒன்றில் தீக்ஷா. ஒன்று விருந்தினர் அறை.

விருந்தினர் அறை சம்பந்திக்குப் போயிற்று. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்ணைக் கொடுத்தவர்களைக் கொண்டுபோய் வண்டியில் படுக்க வைக்க முடியுமா? நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? சொந்த அப்பா என்றால் நம்மவர். நம்மவரை எங்கே வேண்டுமானாலும் போடலாம், மரியாதைக் குறைவு என்று எழுதிவைக்க அவருக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது.

பாலசுப்ரமணியன் மாமா ஒரு தடவை கேட்கத்தான் கேட்டார். “சம்பந்தி, நாங்க வேணா அங்க படுத்துக்கறோமே. எங்களுக்கும் ஒரு எக்ஸ்பீரியன்ஸா இருக்கும்.”

“அதெல்லாம் வேண்டாம், சார். நேக்கு ஏசி ஒத்துக்காது, மூட்டெல்லாம் பிடிச்சுக்கும். அங்கதான் நன்னா காத்து வரது” என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது.* அதை நான் இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

(* நங்கநல்லூர் வீட்டில் அவர் அறையில் ஏசி இருக்கிறது. வாங்கிப் போட்டவன் நான். ஏப்ரலில் அது ரிப்பேர் ஆனபோது மெக்கானிக் வரும்வரை அவர் மூன்று தடவை எனக்குப் போன் செய்தார். இதை முக்கியக் கதையில் எழுதக் கை வரவில்லை. அதனால் பொடி எழுத்தில்.)

4

எனக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது, அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன்.

கூரையில் வைப்பதா, சுவரை வெட்டி வைப்பதா, தரையில் நிற்கும் வகையா? கூரையில் வைத்தால் இரண்டு ஏசியையும் சேர்த்து ஓட்ட நம் ஒயர் தாங்குமா? தாங்காவிட்டால் எந்த ஒயர்? சத்தம் எத்தனை டெசிபல்? சுவரை வெட்டினால் பிறகு வண்டியை யார் வாங்குவார்கள்? பதினான்கு மாடல், ஒன்பது பத்திகள். நல்லது பச்சை, சுமார் மஞ்சள். ஆபீஸ் வேலையைக்கூட நான் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை. அன்றே கிடைக்கும் சாதாரண ஜன்னல் ஏசிக்குச் சிவப்பு அடித்திருந்தேன், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று.

தினமும் காலையில் அப்பா ட்ரெய்லரிலிருந்து இறங்கி வருவார். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். “தூக்கம் வந்துதாப்பா?” என்பேன். “ஓ, பேஷா” என்பார். “ரிசர்ச் பண்ணிண்டிருக்கேன்பா. ரெண்டு நாள்ல ஆர்டர் பண்ணிடறேன்.” “நிதானமா பாரு. அவசரப்பட்டு வாங்கி ஏமாந்துடாதே” என்பார்.

சிறந்ததை வாங்கித் தர வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பவனை யாரும் மோசமான பிள்ளை என்று சொல்ல முடியாது. அந்த வசதிக்காகத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

5

ஜூலை நடுவில், தீக்ஷாவின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க லைப்ரரிக்குப் போனேன். அப்பா தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பி போட்டுக்கொண்டு அங்கேதான் நடந்து போவார், பேப்பர் படிக்க.

மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தார். பேப்பர் மடியில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் அப்பாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல மனிதர் என்றார். அந்த நாற்காலிக்கு நேர் மேலேதான் ஏசிக் காற்று விழுகிறது, மற்றவர்கள் குளிர் தாங்காமல் எழுந்து போய்விடுவார்கள், இவர் மட்டும் அதைத்தான் கேட்பார், அதனால் இப்போதெல்லாம் அவருக்காகப் பிடித்து வைக்கிறோம் என்றார்.

இந்த இடத்தில் என் ஏழாவது வரைவில், நான் ஓடிப்போய் அவர் காலடியில்

[இல்லை.]

புத்தகங்களைப் பெட்டியில் போட்டேன். அவரை எழுப்பாமல் வெளியே வந்தேன். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், டெசிபல் பற்றிக் குழுவில் இன்னொரு கேள்வி கேட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், இல்லை.

6

ஜூலை முடியும்போது அப்பா சொன்னார்: “டிக்கெட்டை முன்னாடி மாத்தித் தரியாடா? ஆவணில தாத்தா திதி வரது. நங்கநல்லூர்ல இருந்து பண்ணினாத்தான் திருப்தியா இருக்கும்.”

தாத்தாவின் திதி தை மாதம். சின்ன வயதில் எனக்குப் பொங்கல் லீவு முழுக்க அதிலேயே போகும். சாஸ்திரிகள் சாப்பிட்டு எழும்வரை வடையைத் தொடக்கூடாது. சமையலறை வாசலில் நின்று அழுதிருக்கிறேன். அது எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். திதி விஷயத்தில் ஒரு நாள்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனிதர், தன் அப்பாவின் சாவையே ஐந்து மாதம் முன்னால் இழுத்து வைத்தார். என்னிடம் ஏசி கேட்க வேண்டியிருக்கக்கூடாது என்பதற்காக.

“சரிப்பா” என்றேன்.

சொன்னபோது என் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. இந்தக் கதையில் நான் மறைக்க நினைத்தது ட்ரெய்லரை இல்லை, லைப்ரரியை இல்லை. அந்த நிம்மதியைத்தான்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி போனார். ஒன்பதாம் தேதி ஏசியைத் தேர்ந்தெடுத்தேன். கூரை வகை, சத்தமே கிடையாது, எல்லாப் பத்தியும் பச்சை. செப்டம்பரில் ஆள் வந்து பொருத்திவிட்டுப் போனான். குழுவில் படம் போட்டேன். ஓக்லஹோமாக்காரர், “உங்கள் விருந்தாளிகள் கொடுத்து வைத்தவர்கள்” என்று எழுதினார்.

7

ஒன்பதாவது வரைவை மானஸாவிடம் படிக்கக் கொடுத்தேன். அதில் அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கியிருந்தேன். “எங்க அப்பா அம்மாக்கு ரூம் வேணும். உங்க அப்பாவை வேணா ட்ரெய்லர்ல போடு” என்று ஒரு வசனம்.

படித்துவிட்டுப் பேப்பரை மேஜைமேல் வைத்தாள். “இதை நான் எப்போ சொன்னேன்?”

“கதைதானே மானு.”

“கதைன்னா? உன் ஆபீஸ் ரூமைக் காலி பண்ணுன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? ‘ஆபீஸ் போன் கால் இருக்கு, டிஸ்டர்ப் ஆகும், அங்கதான் எழுத வரது’ன்னது யாரு? அதை ஏன் எழுதலை? அந்த ரூமே கதைல காணுமே!”

ஆகவே வாசகரே, தயவுசெய்து மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் படுக்கையறைகள் மூன்று இல்லை, நான்கு. நாலாவதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, இரண்டு அலமாரி புத்தகம், நான். மற்ற மனிதர்களின் துக்கத்தைப் பற்றி நான் எழுதுகிற அறை அது. நல்ல குளிராக இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு அறையையே மறைத்துவிட்டேன்.

8

இந்தப் பகுதியை ட்ரெய்லர் படுக்கையறையில் உட்கார்ந்து, இரண்டு ஏசியையும் அணைத்துவிட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். நேர்மையாக இருக்கட்டும் என்று. ஜூன் பதினொன்று, மாலை நாலு மணி, வெளியே நூற்றொன்று டிகிரி. கட்டில் அகலமானது. கூரை தாழ்வு, உட்கார்ந்தால் தலைக்குமேல் ஒரு சாண். ஜன்னல் இருக்கிறது, ஆனால் பாதிக்குமேல் திறக்காது. நன்னா காத்து வரது என்று அவர் சொன்ன காத்து இதன் வழியாகத்தான் வர வேண்டும். தலையணை உறை உள்ளங்கையில் சுடுகிறது. அப்பா இங்கே மத்தியானம் படுக்க மாட்டார், ஆனால் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் சுவரிலேயே

கண்ணில் வியர்வை. லாப்டாப் விசிறி கத்துகிறது. அவர் இங்கே ஐம்பத்திரண்டு நாள்

[இந்த இடத்தில் ஏசியைப் போட்டுவிட்டேன். மணி பார்த்தேன். பதினோரு நிமிடம்.]

சத்தமே இல்லை. அருமையான ஏசி.

9

சனிக்கிழமை அப்பா வருகிறார். ரோஹனுக்கு ஆண்டு நிறைவு. சம்பந்திகள் போன வாரமே வந்து விருந்தினர் அறையில் இருக்கிறார்கள். நேற்றுப் போனில் அப்பா சொன்னார்: “நேக்கு அந்த வண்டி ரூமே போறும்டா. பழகிடுத்து.” பிறகு, “புதுசா ஒண்ணும் எழுதலையா? இருந்தா அனுப்பு.” என் கதைகளுக்கு முதல் வாசகர் அவர்தான்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அப்பா செத்துப்போகிறார், மகன் குளிர்ந்த காலி அறையில் நின்று அழுகிறான். அழகாகத்தான் வந்தது. உயிரோடு இருக்கிற மனிதரைக் கொன்று நான் அழுது தப்பிக்கிற வேலை. கிழித்துவிட்டேன்.

அப்பா இந்தக் கதையைப் படித்துவிட்டு, “போறது விடுடா” என்கிறார். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அதனாலேயே அதை எழுத எனக்கு உரிமை கிடையாது.

புது ஏசியைப் போட்டு, ராஜா மாதிரி அதே ட்ரெய்லரில் படுக்க வைக்கிறேன். இதுதான் பத்தாவது வரைவின் முடிவு. எழுதிவிட்டு ஒரு மணி நேரம் எனக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நாலாவது அறையில், மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று நாளாக நடையில் ஒரு கட்டில், பெட்டி பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைப் போட வேண்டுமானால் இந்த மேஜையை வெளியே எடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பது? கதை முடியட்டும், எடுத்துவிடலாம் என்று பதினோரு வரைவு எழுதியிருக்கிறேன். நிதானமாகப் பார்க்கிறேன். அவசரப்பட்டு முடித்து ஏமாந்துவிடக்கூடாது.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும், இது கதை இல்லை, இன்னொரு ஸ்ப்ரெட்ஷீட்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். இந்தக் கதைக்கு ஒழுங்கான கடைசி வரி ஒன்று இருந்தால், என்னை நம்பாதீர்கள். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம், அப்பாவைப் பின்வேலிக்குள் போய்த் தேடுங்கள். மேஜை தேக்கு, ஒரு ஆளால் ஆகாது. மானஸா குழந்தைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இந்தப் பக்கம். லாப்டாப்பை முதலில் கீழே வைத்துவிட்டு