கிளீனர் இல்லாத லாரி

அஹேரோ சந்திப்பில் கணினியைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். என் கடைப் பலகையில் ‘ஒக்வாரோ - படம், பாட்டு, கேம் ஏற்றித் தரப்படும்’ என்று இருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பலகை: ‘என்ஜினியர் நிகோதேமஸ் ரபுரு, கணினி ஆலோசகர், மென்பொருள், வன்பொருள், கண்காணிப்பு கேமரா, தேனீ வளர்ப்பு.’ நைரோபியில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தவர். அதில் எந்த மாதத்தில் தேனீ வந்தது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கழுத்தில் டை இருப்பதால் கேட்கத் தோன்றாது.

ஒரு வியாழக்கிழமை காலை அபோண்டி அண்ணி மடிக்கணினியைப் பிள்ளையைப் போல முதுகில் துணியால் கட்டிக்கொண்டு என் கடைக்குள் வந்தாள். அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

“கொழுந்தனாரே, நீ குடுத்த லாரி ஓட மாட்டேங்குது.”

லாரி என்று அவள் சொன்னது ஒரு விளையாட்டை. அண்ணியின் கணவர் ஒடிண்டோ எனக்குப் பங்காளி முறை, அண்ணன். முப்பத்தொரு வருடம் மொம்பாசாவிலிருந்து மாலாபா எல்லைவரை கண்டெய்னர் லாரி ஓட்டியவர். ஊருக்கு வந்தால் மதுக்கடையில் அவர்தான் ராஜா. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாத்தியக்காரனுக்குக் காசு கொடுத்துப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து நின்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாம். வேறு ஊரில் இதைச் செய்தால் உதைப்பார்கள், இங்கே கை தட்டுவார்கள். அண்ணன் எழுந்தால் முழுச் சபையும் காது கொடுக்கும். “நான் ஒடிண்டோ! மாலாபா எல்லையின் மருமகன்! என் ஹாரன் கேட்டா கழுதைப்புலி ஓரம் போகும், எடைமேடை எழுந்து நின்னு வணக்கம் சொல்லும்!”

மார்ச் மாதம் சர்க்கரை நோய் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. ஆக்சிலேட்டர் மிதிக்கும் கால். வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. லாரிச் சத்தம் கேட்கக்கூடாது என்று சாலைப்பக்க ஜன்னலை அடைக்கச் சொல்லிவிட்டார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சுவரில் போன வருடத்துக் காலண்டர். அதையே இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை கிசுமுவில் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வேண்டும். இந்த முறை விட்டால் அடுத்த வருடம்தான். அண்ணனோ, “லாரி இல்லாதவனுக்குக் கால் எதுக்கு?” என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

அண்ணிக்கு அப்போதுதான் ஒரு சேதி கிடைத்தது. லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதில் எவனோ ஒரு மொம்பாசாக்காரன் நம்முடைய சாலையையே, எடைமேடை, டீக்கடை, இறக்கம் உட்பட, வரைந்து சேர்த்திருக்கிறான் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். மகள் ஆகெயோ நைரோபியிலிருந்து ஒரு மடிக்கணினி அனுப்பினாள். நான் விளையாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஒருமுறை கையில் லாரியைக் கொடுத்துவிட்டால் மனிதர் திங்கட்கிழமை கிளம்பிவிடுவார் என்பது அண்ணியின் கணக்கு. பேசிப் பார்த்து, அழுது பார்த்து, பாதிரியாரைக் கூட்டிவந்து பார்த்து, எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.

“ஓடலன்னா எப்படி? என்ன சொல்லுது?” என்றேன்.

அவள் இடுப்பிலிருந்து அண்ணனுடைய பழைய பயணக் குறிப்பேட்டை எடுத்தாள். “தொறந்தா ஒரு பெட்டி வருது. இந்த ஃபைல காணோம், அதனால கிளம்ப முடியாதுன்னு சொல்லுது. பேரு வண்டி நம்பர் மாதிரி இருந்துச்சு, எழுதி வெச்சேன்.”

ஐந்து எழுத்து, மூன்று எண். ‘வாகன எண்’ என்ற பத்தியில் அழகாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் பத்து.

“இதெல்லாம் யாரு?”

“ரபுரு கிட்ட போனேன். நீ அன்னிக்கி சாவு வீட்டுக்குப் போயிருந்தே. அவரு காணாமப் போன ஃபைல நெட்டுலேர்ந்து எறக்கிப் போட்டாரு. உடனே பெட்டி வந்து இன்னொண்ணக் காணோம்னுச்சு. அதையும் போட்டாரு. இப்படியே பதினொண்ணு. கடைசில பேரே வரல, ஒரு நம்பர் மட்டும் வந்துச்சு. ரபுரு டைய தளர்த்திக்கிட்டு, மதர்போர்டு மனசொடிஞ்சு போச்சு, எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போடணும், ரெண்டு வாரம் ஆகும்னாரு.”

“மதர்போர்டுக்கு ஏது மனசு?”

“எனக்கு ரெண்டு வாரம் ஏது? திங்கக்கிழமைக்குள்ள அவரு ஓட்டணும்.”

வாசலில் நிழல் விழுந்தது. ரபுருவேதான். டை இருந்தது.

“ஆகெயோ அம்மா, என் பேஷன்ட்ட வேற டாக்டர்கிட்ட தூக்கிட்டு வந்துட்டீங்களே.”

“டாக்டர் பிழைக்காதுன்னு சொன்னா நாட்டு வைத்தியன்கிட்டதான போவணும்” என்றாள் அண்ணி.

நாட்டு வைத்தியன் என்று அவள் சொன்னது என்னை. பரவாயில்லை. நான் மடிக்கணினியைத் திறந்து, ரபுரு இறக்கிப் போட்ட பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. ஆறு பழைய வகைக் கணினிக்கானவை, ஐந்து புதிய வகைக்கானவை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “என்ஜினியர் ஐயா, லாரி அச்சுல ஒரு பக்கம் பஸ் டயரு, ஒரு பக்கம் சைக்கிள் டயரு மாட்டியிருக்கீங்க. நவுரலைன்னதும் ரோட்டுக்கு மனசு சரியில்லன்னு சொல்லிட்டீங்க.”

“மரியாதையா பேசுய்யா ஒக்வாரோ. காணாமப் போனதத்தான போட்டேன்?”

“யாரோ தெரியாதவன் வீட்டு வாசல்ல கெடந்ததப் பொறுக்கிட்டு வந்து போட்டிருக்கீங்க. அது ஃபைலா, பூச்சி மருந்தான்னே தெரியாது.”

“சரிப்பா, பெரிய மனுஷா.” ரபுரு கையைக் கட்டிக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஃபைல் எல்லாம் முதல்ல ஏன் காணாமப் போச்சு? கேமோட கூடவே ஒரு ஃபோல்டர் வரும்ல, துணை ஃபைல் எல்லாம் அதுலதான இருக்கும்? எவனோ ஒரு திருட்டுப்பய அத எடுத்துட்டுக் குடுத்திருக்கான். அவன் யாருன்னு கேளு.”

மூன்று மாதப் படிப்பில் தேனீக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

விளையாட்டு முப்பத்தைந்து ஜிகா. எல்லாரிடமும் இருக்கும் பென் டிரைவ் முப்பத்திரண்டு. இங்கே டேட்டா விற்கிற விலைக்கு யாரும் நெட்டிலிருந்து இறக்குவதில்லை, என் கடையிலிருந்துதான் மொத்த அஹேரோவுக்கும் போகிறது. வாயில் நுழையாத பெயரோடு ஒரு ஃபோல்டர் உள்ளே இருக்கும், இடம் போதாததால் அதை வெட்டி எறிந்துவிட்டு ஏற்றுவேன். முதலில் வெட்டுவது அதைத்தான், அப்புறம் ஐரோப்பியப் பாஷைகள். என் கடைக் கணினியில் எல்லா விளையாட்டும் ஓடும், அவற்றின் துணை ஃபைல்கள் என்றைக்கோ உள்ளே உட்கார்ந்துவிட்டவை. எனவே ஒரு நாளும் எனக்கு அந்தப் பெட்டி வந்ததில்லை. பதினைந்து வருடமாக இதை என் கைத்திறமை என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஓடாமல் போனவர்கள் என்னிடம் திரும்பி வரவில்லை, சாலையைக் கடந்து ரபுருவிடம் போயிருக்கிறார்கள். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது நான்தான். இதை அவரும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

“எவன்டா அந்தத் திருட்டுப்பய?” என்றார் ரபுரு மறுபடி, சுவை கண்டுவிட்டார்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். அலேகோ ஊரிலிருந்து வாழ வந்து நாற்பது வருடம் மீன் விற்றவள், எந்த மீன் நேற்றையது என்று கண்ணைப் பார்த்தே சொல்வாள்.

“இவன்தான்” என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஐரோப்பியப் பாஷை உட்பட. ரபுரு சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற கோழி நகர்ந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ லாரியக் குடுத்தே. கிளீனர வழியிலயே எறக்கிவிட்டுட்டே.”

“அப்படித்தான் அண்ணி.”

“அந்தக் காலத்துல உங்க அண்ணனும் ஊருக்கு வந்தா தனியா ஓட்டிட்டு வந்த மாதிரிதான் பேசுவாரு. கிளீனர் பேரக்கூட சொல்ல மாட்டாரு.” குறிப்பேட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இப்ப ஏத்து.”

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு, எதையும் எறிய மனம் வராது. பழைய பெரிய டிஸ்கில் விளையாட்டின் முழு உருப்படி, வெட்டாமல், தூசியோடு இருந்தது. முதலில் ரபுருவின் பதினொன்றையும் தேடித் தேடி நீக்கினேன். வைரஸ் மருந்து போட்டுத் துடைத்தேன். பிறகு அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த துணைப் பொதிகளை ஒவ்வொன்றாக நிறுவினேன். பழைய வகைக்கு ஒன்று, புதிய வகைக்கு ஒன்று, படம் தெரிவதற்கு ஒன்று. ஒரே இடத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், சண்டை போடாமல் உட்கார்ந்தார்கள்.

நடுவில் சார்ஜர் படுத்தியது. ஆகெயோ அனுப்பிய மடிக்கணினியின் சார்ஜர் முனை தளர்ந்திருந்தது. ஒரு கோணத்தில் தூக்கிப் பிடித்தால்தான் கரன்ட் ஏறும். என்ஜினியர் நிகோதேமஸ் ரபுரு, கணினி ஆலோசகர், முக்கால் மணி நேரம் குனிந்து நின்று இரண்டு விரலால் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். டை மேசைமேல் கிடந்தது. அவரைப் பற்றி நான் சொல்லி வைத்திருந்த பதினேழு ஜோக்குகளில் நாலைந்தை அன்று கைவிட்டேன்.

அணைத்து, மறுபடி போட்டு, விளையாட்டைச் சொடுக்கினேன். பெட்டி வரவில்லை. திரை இருண்டது. பிறகு எங்கோ தூரத்தில் டீசல் என்ஜின் கிளம்பும் சத்தம்.

நான் கையை நீட்டினேன், சும்மா கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று. அண்ணி பட்டென்று மூடினாள்.

“மொதல்ல அவருதான் ஓட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நானும் ரபுருவும் போனோம். சார்ஜரைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவரே சொன்னார். அண்ணி அடுப்பில் சோளமாவு போட்டு உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள், திலாப்பியா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேசையை இழுத்து அவருக்கும் காலண்டருக்கும் நடுவில் போட்டோம்.

“என்னடா இது, ரெண்டு வைத்தியனும் ஒண்ணா வந்திருக்கீங்க? நான் செத்துட்டனா?”

“லாரி வந்திருக்கு அண்ணே.”

“புள்ளைங்க வெளையாட்டு. எடுத்துட்டுப் போ.”

நான் என்ஜினைக் கிளப்பினேன். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, காதை மட்டும் சாய்த்தார்.

“டர்போ அடைச்சிருக்கு” என்றார் சுவரிடம்.

“அது ஸ்பீக்கர் ஓட்டை அண்ணே.”

“எனக்குச் சொல்றியா?” திரும்பினார். மரியகானி எடைமேடை, அதன் பச்சைக் கம்பி, வரிசையாக நிற்கும் லாரிகள். நெடுநேரம் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. “மிதிக்க எனக்குக் கால் இல்லைடா.”

“இந்த வண்டிக்கு விரல் போதும்” என்றாள் அண்ணி அடுப்படியிலிருந்து, திரும்பாமல். “விரல் பத்தும் இருக்குதுல்ல?”

அவர் ஆள்காட்டி விரலை அம்புக்குறிமேல் வைத்தார். முதலில் ஒரு டீக்கடையை இடித்தார். வாய்க்கு வந்த வசவெல்லாம் டீக்கடைக்காரனுக்குப் போனது. அப்புறம் நேரானது. வோய், மடிட்டோ, எமாலி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை சொன்னார், பாதி பொய். ரபுரு ஒயரைப் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்டார். நைரோபி தாண்டிப் பள்ளத்தாக்கின் பெரிய இறக்கம் தொடங்கும் இடத்தில் அண்ணன் ஓரமாக நிறுத்தினார்.

“ஏன் அண்ணே? டேங்க் நெறைய இருக்கே.”

“டயர் பாக்காம இந்த எறக்கத்துல எவன்டா எறங்குவான்? எத்தன பேர் செத்திருக்கான் தெரியுமா?” சுற்றிலும் பார்த்தார். “கிளீனர் எங்க?”

விளையாட்டில் கிளீனர் கிடையாது. அதை எந்த ஃபோல்டரிலும் வைத்து யாரும் அனுப்பவில்லை.

அண்ணி உகாலி கிண்டும் மரக்கரண்டியோடு எழுந்து வந்தாள். மேசையின் ஒரு காலைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். சுற்றி வந்து அடுத்த காலைத் தட்டினாள். நான்கையும் தட்டிவிட்டு, மேசையின் பின்பக்கம் போய் நின்று, உள்ளங்கையால் பலகையில் இரண்டு முறை அடித்தாள்.

“எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. போலாம், ரைட்!”

அண்ணன் கிளப்பவில்லை. ஒரு கையைத் தூக்கினார். மதுக்கடையில் வாத்தியக்காரனை நிறுத்தும் அதே கை. நான் விளையாட்டை நிறுத்தினேன். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். ரபுரு பிடிக்கப் போனார், முறைத்து விலக்கினார்.

“நான் ஒடிண்டோ! மாலாபா எல்லையின் மருமகன்! எடைமேடை எழுந்து நின்னு வணக்கம் சொல்ற ஆளு!” மூச்சு வாங்கியது. “அலேகோ ஊர்ப் பொண்ணு தட்டிக் குடுத்த டயர்ல எறங்குறவன்!”

நாங்கள் கை தட்டினோம். ரபுரு ஒயரை விட்டுவிட்டுத் தட்டியதால் திரை மங்கியது. அவர் அவசரமாகக் குனிந்து மறுபடி பிடித்தார்.

அண்ணன் உட்கார்ந்து விரலை வைத்தார். இறக்கம் தொடங்கியது. கண் திரையில் இருக்க, சாதாரணமாகச் சொன்னார்: “நாளைக்கு அந்த அளவு எடுக்குறவன்கிட்ட சொல்லணும், பாதம் மடங்குறதா இருக்கணும். மடங்காத பாதம் பிரேக்குக்கு ஆகாது. ஒக்வாரோ, அந்த ரோட்டுப்பக்க ஜன்னலத் தொற, பொகையா இருக்கு.”

புகைதான். அடுப்பில் உகாலி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணிக்கு அது தெரியும், கரண்டி அவள் கையில்தான் இருந்தது. ஆனால் வண்டி இறக்கத்தில் இருக்கும்போது கிளீனர் இடத்தை விட்டு நகரக்கூடாது. அவள் மேசைக்குப் பின்னாலேயே நின்றாள், அண்ணன் சமதரைக்கு வந்து சேரும்வரை.