மைக்கில் வாசித்த வீட்டுப்பேர்

கண் முகாம் நடந்த சபை மண்டபத்தில் அந்த நேரம் இருந்தவர்கள் ஐந்து பேர்: மேலவிளை வீட்டுச் சத்தியராஜ், அவர் தங்கை செல்லபாய், கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்க வந்த பிந்து, சபைச் செயலர் பெனிஷ், சத்தியராஜின் பேத்தியைத் தன் மகனுக்குப் பேசியிருந்த ஆன்ஸ்லின். மற்றவர்கள் வெளியே சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது ஒலிபெருக்கி மட்டும்.

பிந்து திரையைக் காட்டினாள். ஆரஞ்சு வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளிகள்.

"பாட்டா, உள்ள ரத்தம் கசியுது. சுகர் உண்டா?"

"நமக்கு அப்படி ஒண்ணும் கெடையாது."

பதினோரு வருஷமாக மாத்திரையை ஒளித்துத் தின்கிறவர் அவர். எந்தக் கல்யாணப் பந்தியிலும் பாயசம் வேண்டாம் என்றதில்லை. வேண்டாம் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடுமே!

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் என்று பிந்து சீட்டு எழுதி பெனிஷிடம் கொடுத்தாள். மைக் கைக்கு வந்தால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை வாசிக்கிற பழக்கம்தான். ஆள் பேர் கிடையாது, வீட்டுப்பேர்.

"மேலவிளை வீடு. ரெண்டு கண்ணுலயும் நோவு. பெரிய ஆஸ்பத்திரி."

வெளியே நின்றவர்கள் வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆன்ஸ்லின் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டார். "வீட்டோட உள்ள நோவா மாமா? பிள்ளைக்கும் வருமோ?"

சத்தியராஜுக்கு உச்சி கொதித்தது. "ஏலே பெனிஷ்! சீட்டுல இருக்கது என் பேரா, வீட்டுப்பேரா? நாலு தலைமுறையா தலை நிமிந்து நிக்க வீட்ட ஒத்த மூச்சுல குருட்டு வீடாக்கிப் போட்டியே!"

"பழக்கத்துல வந்துட்டு பாட்டா. திருத்தி வாசிக்கட்டா?"

"நீ வாசிச்சது போரும்!"

"அவன வைதா ஆச்சா அண்ணா?" என்றாள் செல்லபாய். "உள்ளதச் சொல்லும். பாயசத்துக்குப் பொறவு நீரு மாத்திரை முழுங்குகது எனக்குத் தெரியாதா?"

சத்தியராஜ் மைக்கைப் பிடுங்கினார். படம் எடுக்கச் சொட்டு மருந்து விட்டிருந்த கண்களுக்கு வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. அவர் தலையைத் தாழ்த்தவில்லை.

"இது மேலவிளை வீட்டு நோவு இல்ல. சத்தியராஜுக்கு உள்ள சர்க்கரை. பதினோரு வருஷம். மறைச்சவன் நான். என் பேத்தி கண்ணுல சந்தேகம் உள்ளவன் அவள இந்த மிஷினு முன்ன இருத்திப் பாக்கட்டு. ஆனா முதல்ல அவன் மகன இருத்தணும்!"

வாசலில் யாரோ சிரித்தார்கள். ஆன்ஸ்லின் எழுந்து வந்து, "கேட்டது தப்பு மாமா" என்றார். சத்தியராஜ் பெனிஷிடமிருந்து சீட்டை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

கண்நோயால் மேலவிளை வீட்டுக் கல்யாணம் முடங்கிவிட்டது என்று புதுக்கடைச் சந்தையில் சொல்கிறார்கள். முடங்கவில்லை. மே பன்னிரண்டாம் தேதி நடக்கும்.