வலது ஓரம் முந்நூறு புள்ளி

அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் வரைபடம் வரைகிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, கூரை கூரையாக, தெரு தெருவாகக் கோடு இழுக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், கண்ணும் கழுத்தும் சேர்ந்து கெஞ்சும்.

அண்ணி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. உண்மையில் அவள் அண்ணி முறையாவது அங்கே ஒரே ஒருத்திக்குத்தான். கணவனின் தங்கை, அதாவது நாத்தனார், அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாசல் காவலாளி முதல் பிரிவுத் தலைவர் வரை எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவர்களில் பாதிப் பேர் வயதில் மூத்தவர்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை.

நாத்தனார் வரைவதில்லை. ஸ்கிரிப்ட் எழுதுகிறாள். ஆள் கையால் நூறு தடவை செய்யும் வேலையைக் கணினி தானாகச் செய்துகொள்ளும்படி கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அலுவலகத்தில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஃபைலுக்குத் தப்பான பெயர் வைத்தவனை வராந்தா வரை துரத்திக்கொண்டு போய்த் திட்டுவாள். அண்ணிக்கும் அவளுக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் வந்து போகிற இரண்டு பெண்களுக்குள் வருகிற உரசல் எல்லாம் உண்டு. ஆறேழு மாதமாக ஒரு புது உரசல். ரோட்டில் நடக்கும்போது நாத்தனார் அண்ணியின் வலது தோளோடு இடித்துக்கொண்டுதான் வருகிறாள்.

"ரோடு இவ்வளவு அகலமா கிடக்கு, ஏன் என் மேலயே விழறே?" என்று அண்ணி கேட்டால், "எனக்கு இந்தப் பக்கம்தான் சரிப்படும்" என்பாள். அவ்வளவுதான் பதில். கைதியைக் கூட்டிப் போகிற மாதிரி கூட்டிப் போகிறாளே என்று அண்ணிக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இப்போது ரகசியத்துக்கு வருவோம். ஏழு மாதத்துக்கு முன்னால் அண்ணிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது பார்வையில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போனது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். வலது ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியாது. இதற்குமேல் மோசமாகாது, தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகிக்கொண்டால் எந்த வேலையும் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணி அதைக் கணவனிடம் மட்டும் சொல்லி, வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வரைகிற இடத்தில் பார்வைக் குறை என்று சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே காகிதம் அடுக்குகிற அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பதினாறு வருடம் வரைந்தவள் அங்கே போய் உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வரைகிற புரோகிராமில் கருவிகளும் பட்டியல்களும் எல்லாம் வலப்பக்கம்தான் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து இடப்பக்கம் கொண்டுவந்து, எழுத்தைப் பெரிதாக்கி, வலது ஓரத்தைச் சும்மா விட்டுவிட்டால் அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்துக் கணினிகளுக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். காலையில் புதிதாய் வாங்கி வைத்தது போல விழித்துக்கொள்ளும். அதனால் அண்ணி தினமும் வரைகிற மற்றவர்களுக்கு முன்னால் வந்து, இருபத்துமூன்று இடங்களில் இழுத்து நகர்த்தி ஒழுங்குபடுத்துவாள். சாயங்காலம் அவர்கள் போன பிறகு கடைசியாக மூடுவாள். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்பது மணிக்கு முன் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு வரும்வரை.

வேறு வழியில்லாமல் நாத்தனாரிடம் போனாள்.

"மூடும்போது எப்படி வச்சிருந்தேனோ, மறுநாள் திறந்தா அப்படியே இருக்கணும். முடியுமா?"

"எதுக்கு?"

"தினமும் எவ இழுத்து இழுத்து வைக்கிறது? சோம்பேறித்தனம்தான், வேறென்ன."

நாத்தனார் அவளை ஒரு கணம் பார்த்தாள். "நீங்களா சோம்பேறி? சரி, ரெண்டு நாள் குடுங்க" என்றாள்.

இரண்டே நாள்தான். மூன்றாம் நாள் காலை அண்ணி புரோகிராமைத் திறந்தாள். வழக்கம்போல எல்லாம் வலப்பக்கம் முளைத்தன. பிறகு, கண்ணெதிரிலேயே, ஒவ்வொன்றாகக் கிளம்பி இடப்பக்கம் வந்து உட்கார்ந்தன. எழுத்து பெரிதானது. நேற்று விட்ட தெரு, விட்ட கூரை, அதே இடத்தில் வந்து நின்றது. இருபத்துமூன்று நகர்த்தல்களும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டன. அண்ணி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூடும்போது எது எது எங்க இருக்குன்னு ஒரு ஃபைல்ல எழுதி, சர்வர்ல வச்சுடும். திறக்கும்போது அதைப் படிச்சு அப்படியே வைக்கும். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல" என்றாள் நாத்தனார்.

"எழுதிட்டிருக்கும்போது கரண்டு போச்சுன்னா?"

"புதுசா வேற ஃபைல்ல எழுதும். முழுசா முடிஞ்சப்புறம்தான் பழசைத் தூக்கிட்டு இதை வைக்கும். பாதியில நின்னா பழசு பத்திரமா இருக்கும்."

"ஃபைலே காணாமப் போனா?"

"சத்தம் போடாது. சும்மா எப்பவும் போலத் திறக்கும். என்ன அண்ணி, பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரி கேள்வி கேக்கறீங்க?"

அண்ணி சிரித்துவிட்டாள். இவளுக்கு என்ன மூளை! எதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள்! அன்று வரைந்துகொண்டே நாலைந்து தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருபது வருடமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் இந்தக் கெட்டிக்காரியை இன்றுதான் பார்க்கிறோம் என்று தோன்றியது.

மூன்று வாரம் நன்றாகப் போனது. இதைப் பார்த்து மற்றவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். பிரிவுத் தலைவரும் தலையாட்டினார். எதையும் எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் அவருக்கு அளவுகோல் என்று பெயர். ஒரு புதன்கிழமை மதியம் நாத்தனார் ஸ்கிரிப்டைப் பன்னிரண்டு கணினியிலும் ஏற்றினாள்.

அங்கேதான் சறுக்கினாள். யார் பெயரில் கணினி திறக்கிறதோ அந்தப் பெயரில்தான் ஃபைலை எழுத வேண்டும் என்று கட்டளை வைத்திருந்தாள். நாத்தனாருக்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் வரைகிற பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அந்த அலுவலகம் கொடுத்திருந்தது ஒரே ஒரு பெயர்: 'வரைவு'. பன்னிரண்டு பேரும் ஒரே ஃபைலின் மேல் எழுதினார்கள். கடைசியாக மூடியவருடையதே நின்றது. கடைசியாக மூடுகிறவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு திரையிலும் கருவிகள் கிளம்பி இடப்பக்கம் போய்க் குவிந்தன. எழுத்துகள் ஊதிப் பெருத்தன. வலது ஓரம் மொட்டையாக நின்றது. "என் மெனு எங்கடா?" என்று ஒருவர் அலறினார். ஒருவர் கணினியில் பேய் புகுந்துவிட்டது என்றார். அண்ணி தன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அளவுகோல் வந்தார். ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார்.

"யாரோட கைவரிசை இது? பார்வை தெரியாதவங்க வச்ச மாதிரி இருக்கு. வலப்பக்கம் இவ்வளவு இடம் வீணாக் கிடக்கு. யார் இப்படி வச்சது?"

நாத்தனார் எழுந்து நின்றாள்.

"என்னோடது சார். சோதிச்சுப் பார்க்க வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

சட்டாம்பிள்ளை மறந்தாளாம்! அறையில் யாரும் நம்பவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து யாரும் பேசவும் இல்லை.

"பன்னிரண்டு பேர், அரை மணி நேரம். ஆறு மணி நேர வேலை போச்சு" என்றார் அளவுகோல். "மதியத்துக்குள்ள எல்லாக் கணினியிலயிருந்தும் இதை எடுத்துடுங்க. நடந்ததுக்கு எழுத்துல விளக்கம் குடுங்க." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஸ்கிரிப்ட் போனால் நாளையிலிருந்து என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் இருபத்துமூன்று தடவை இழுப்பதா? அண்ணி சர்வரில் அந்த ஸ்கிரிப்டைத் திறந்தாள். போவதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். கட்டளைகள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நடுநடுவே, கணினி படிக்காத வரிகளில், நாத்தனார் தனக்காகத் தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள்.

'எழுத்து பதினெட்டுக்குக் கீழே போனால் திரும்பப் பதினெட்டாக்கு. கேட்க மாட்டாங்க, கண்ணைச் சுருக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.'

இன்னும் கீழே: 'தப்பாக் கோடு போட்டா வர்ற எச்சரிக்கைப் பெட்டி எல்லாம் வலது மூலையில் வருது. அதைத்தான் பார்க்காமல் விடுறாங்க. எல்லாத்தையும் இடப்பக்கம் கொண்டு வா. வலது ஓரம் முந்நூறு புள்ளி அகலம். அங்கே எப்பவும் எதுவும் வைக்காதே.'

எச்சரிக்கைப் பெட்டியைப் பற்றி அண்ணி கேட்கவே இல்லை. அதைப் பார்க்காமலே விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே உறைக்காமல்தான் அவளுக்கு இத்தனை மாதம் போயிருந்தது. மூன்று வாரமாகத் தன் வேலையில் பிழை குறைந்ததை அவள் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது இருபத்துமூன்று. அவள் கேட்காத இருபத்துநான்காவதையும் ஒருத்தி பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறாள்.

அண்ணி எழுந்தாள். நாத்தனார் விளக்கம் தட்டச்சு செய்துகொண்டிருந்த மேஜையைத் தாண்டி நேரே அளவுகோலின் அறைக்குப் போனாள். நாத்தனார் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சார், அந்தத் திரை என்னோடது. எனக்கு வலது ஓரம் தெரியாது. ஏழு மாசமாச்சு. அவ என்னைக் காப்பாத்தறதுக்குப் பழியை ஏத்துக்கிட்டா."

அளவுகோல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். என்ன சொல்வது என்று தெரியாதபோது மனிதர் செய்வது ஒன்றுதான்: பிழைப் பதிவேட்டைத் திறந்தார். அண்ணி நின்றாள். ஏழு மாதத்தையும் அவர் நிதானமாக, விரலால் வரி பிடித்து எண்ணினார். தப்புச் செய்துவிட்டோமோ என்று அண்ணி நூறு தடவை நினைத்துவிட்டாள்.

"மற்றவங்களுக்கு மூணு வாரத்துக்கு ஆளுக்கு ஒன்பது பிழை" என்றார் கடைசியில். "உங்களுக்கு முன்னால பதினாலு வரைக்கும் போயிருக்கு. இந்த ஸ்கிரிப்ட் வந்த மூணு வாரத்துல ரெண்டு."

பதிவேட்டை மூடினார்.

"அந்த ரெண்டும் இடப்பக்கம்" என்றார். அவர் சிரித்தாரா என்று இருவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "டாக்டர் கடிதம் ஒண்ணு கொண்டு வாங்க. உங்க இடம் உங்க இடம்தான். ஸ்கிரிப்ட் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு ஃபைலாப் பிரிச்சு வைங்க. விளக்கம் மட்டும் எழுத்துல வேணும்."

வராந்தாவுக்கு வந்ததும் நாத்தனார் வெடித்தாள். "உங்களை யாரு போய்ச் சொல்லச் சொன்னது? நான்தான் சமாளிச்சிட்டிருந்தேன்ல?"

"உனக்கு எப்படித் தெரியும்? உங்க அண்ணன் உளறிட்டாரா?"

"அண்ணனா? அவர் வாயைத் திறந்துட்டாலும்! காய்ச்சல் விட்ட மறுவாரம் ஒரே நாள்ல மூணு தடவை கதவு நிலையில வலது தோளை இடிச்சுக்கிட்டீங்க. அப்பவே தெரியும். நீங்களாச் சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏழு மாதம். ரோட்டில் தினமும் வலது தோளோடு இடித்துக்கொண்டு வந்ததும் அதே ஏழு மாதம்தான்.

சாயங்காலம் ஃபைல்களைப் பிரித்து முடிக்க நாத்தனாருக்கு நேரமாகிவிட்டது. இருவரும் வழக்கமாகப் போகிற பஸ் போய்விட்டது. அண்ணி போகவில்லை. வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, தன் வலப்பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாள்.