கையுறைக்குள் இருந்த கை

இதாலினாவுக்கு வலது மணிக்கட்டு மறுபடி குடைந்தது. போர்ச்சுகலின் பெனிஷ் துறைமுகத்து மத்தி மீன் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றபடியே டப்பாவில் மீன் அடுக்கிய கை. இப்போது அட்டைப்பெட்டி மடிக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் மேற்பார்வையாளன் அன்செல்மு எல்லார் முன்னாலும் சொன்னான்: "ஒனக்கு நரம்புக் கோளாறாம். மெஷினே சொல்லுது. போய்ப் பெட்டி மடி."

மீன் அடுக்கும் மேசைக்கு மேலே பதினோரு மாதமாய்த் தொங்கிய கேமராவை வைத்து, கை நடுக்கத்தைக் கணக்குப் பண்ணி, செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொண்ட குறிப்பு அது. டாக்டரைத் தவிர யாரிடமும் அவள் வாய் திறந்ததில்லை. பெற்ற மகளுக்கே தெரியாது. அன்றைக்கே தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதிப் போட்டாள்.

விசாரணைக்கு ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரியம்மாள் வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, ஆலையின் வக்கீல் எழுந்தார்.

"மேடம், படத்துல முகம் இல்ல, பேர் இல்ல. கையுறை போட்ட கை மட்டுந்தான். யாரு கைன்னு யாராலயும் சொல்ல முடியாது. அன்செல்மு ஏதோ ஊகத்துல பேசிட்டார். இது எப்படி ஒருத்தரோட சொந்தத் தகவல் ஆகும்?"

இதாலினா எழுந்தாள். "அந்தப் படத்தைப் போடுங்க. தேதி சொல்லாதீங்க. யாரு கைன்னு நாங்க சொல்றோம்."

திரையில் ஆறு ஜோடிக் கைகள் மீன் அடுக்கின.

"மொத கை என்னுது," என்றாள் பின்வரிசை சுல்மீரா. "அடுத்தது தியோலிந்தா. வாலைக் கட்டைவிரலாலயே மடிக்கிறா பாருங்க, சோம்பேறி."

"இவ மட்டும் என்னவாம்? டப்பாவை ரெண்டு தட்டு தட்டாம ஒரு மீன் வெச்சிருப்பாளா?" என்றாள் தியோலிந்தா.

சிரிப்பு பரவியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கைக்கும் பெயர் வந்தது. அதிகாரி வேலைப் பதிவேட்டைப் புரட்டினார். எல்லாம் சரி.

ஆறாவது கை லேசாக நடுங்கியது. சுல்மீரா கூரையைப் பார்த்தாள். தியோலிந்தா மேலங்கிப் பொத்தானைத் திருகினாள்.

"இது யாரும்மா?" என்றார் அதிகாரி.

"தெரியலைங்க," என்றாள் சுல்மீரா.

இதாலினா திரும்பிப் பார்த்தாள். "எத்தனை நாளாடி தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். நீ சொல்லல. நாங்க எதுக்குக் கேக்கணும்?"

வேலையிலிருந்து அப்படியே போட்டு வந்திருந்த கையுறையை இதாலினா கழற்றினாள். நடுங்கும் கையை எல்லாரும் பார்க்க உயர்த்தினாள்.

"அது என் கை மேடம். இருபத்திரண்டு வருஷக் கை. அதைப் பத்திச் சொல்றதுன்னா நான் சொல்லணும். கேமரா சொல்லக் கூடாது."

வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. கேமரா இறங்கியது. இதாலினா பழைய இடத்தில், சுல்மீராவுக்கு எதிரே, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். ஆனால் மெஷினை விற்ற கம்பெனிக்குப் போன கேமராப் பதிவின் நகலை அழித்துவிட்டதாக இன்றுவரை ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. அவள் கையின் பதினோரு மாதத்தை ஆலை இன்னும் அவளுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.